வாட்டர்கலரில் முதல் வானம்: ஈரம் பார்த்துப் பழகுங்கள்

வாட்டர்கலர் பழக வருபவர்கள் பலரும் விலை கூடிய ட்யூப் கலர் வாங்கிவிட்டு, பேப்பருக்குச் சாதாரண டிராயிங் நோட்டு போதும் என்று நினைக்கிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். கையிலிருக்கும் காசில் பெரும்பங்கு பேப்பருக்குப் போகட்டும்: 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு), 100 சதவீதம் காட்டன், கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள தாள்). மரக்கூழ் பேப்பரில் தண்ணீர் சீக்கிரம் திட்டுத் திட்டாகக் காயும். காட்டன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நமக்கு அவகாசம் தரும். மே மாத வெக்கையில் அதன் அருமை தெரியும். 22க்கு 30 அங்குலத் தாள் ஒன்றை வெட்டினால், 11க்கு 7.5 அளவில் எட்டுத் துண்டு கிடைக்கும்.

நிறங்கள் நான்கு போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, லெமன் எல்லோ, குவினாக்ரிடோன் ரோஸ். கறுப்பு வாங்கவே வேண்டாம். முதல் இரண்டையும் கெட்டியாகக் கலந்தால் வரும் கருமை, ட்யூப் கறுப்பைவிட உயிரோட்டமானது. ட்யூபின் பின்னால் பிஆர் 83 (PR 83) என்ற நிறமிக் குறியீடு போட்டிருந்தால் எடுக்காதீர்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பிரஷ், 10ஆம் நம்பர் ரவுண்டு ஒன்று.

இனி, பனைமரங்களுக்குப் பின்னால் ஒரு வானம் வரைவோம்.

முதலில் பேப்பரின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். பலகையின் தலைப்பக்கம் ஒரு புத்தகம் வைத்துச் சற்றே உயர்த்துங்கள்.

அடுத்து, பேப்பரை நனைக்கும் முன்பே அல்ட்ராமரினைத் தாராளமாகக் கரைத்து வையுங்கள். பாதி வானத்தில் கலர் தீர்ந்து மறுபடி கலக்கப் போனால், அதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. சுத்தமான தண்ணீரால் தாள் முழுவதும் நனைத்துவிட்டு, தலையைச் சாய்த்து வெளிச்சம் படும் பக்கமிருந்து பாருங்கள். தண்ணீர் தேங்கி மினுமினுத்தால் பொறுங்கள். மினுமினுப்பு அடங்கி, பட்டுத்துணியின் மென்மையான பளபளப்பு வரும்போது பிரஷை வையுங்கள். மேலே அடர்த்தியாகத் தொடங்கி, கீழே வர வரத் தண்ணீரைக் கூட்டுங்கள். மேகம் வேண்டிய இடத்தைத் தொடாமல் விடுங்கள். அங்கே நீலம் கசிந்தால், பிழிந்த பிரஷால் ஒற்றி எடுக்கலாம். பளபளப்பு போய்விட்டால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். தாள் பாதி காய்ந்திருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும், அது நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக் காலிபிளவர் வடிவில் கறையாக்கிவிடும்.

புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகே பனைமரங்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த அந்தக் கருமையைத் தண்ணீர் குறைத்து எடுத்து, அடியிலிருந்து மேலே ஒரே இழுப்பில் தண்டு. ஓலைக்குப் பிரஷின் நுனி மட்டும். காய்ந்ததும் நிறம் ஒரு படி வெளிறும் என்பதால், தேவைக்குச் சற்று அடர்த்தியாகவே போடுங்கள்.

மிச்சத் துண்டுகளை மழைக்காலத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஈரப்பதத்தில் பேப்பரின் சைஸிங் (தண்ணீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் பசை) கெட்டுப்போனால், அடுத்த வானம் பரவாமல் அங்கங்கே உறிஞ்சப்பட்டுப் புள்ளி புள்ளியாகிவிடும்.