கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? ஃபார்மேட் போடும் முன் பார்க்க வேண்டியவை

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்து, முதலிலிருந்து பூட் ஆகும் டெஸ்க்டாப்புக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் வைத்தியம் ஃபார்மேட். கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸிலோ (கம்ப்யூட்டருக்குள் கரன்ட் தரும் பவர் சப்ளை பெட்டி) ராமிலோ (தற்காலிக நினைவகம்) இருந்தால், புது விண்டோஸ் போட்ட பிறகும் அது அப்படியேதான் இருக்கும். நடுவில் பேக்கப் எடுக்காத போட்டோக்கள் போனதுதான் மிச்சம். எனவே எதையும் கழற்றுவதற்கும் அழிப்பதற்கும் முன்பு ஒன்றை முடிவுசெய்ய வேண்டும்: விண்டோஸ் பிழை கண்டு தானே நிற்கிறதா, அல்லது விண்டோஸுக்கே தெரியாமல் கீழே கரன்ட் துண்டிக்கப்படுகிறதா?

பதிவைப் பிடியுங்கள்

ப்ளூ ஸ்கிரீன் (பெரிய பிழை வந்து விண்டோஸ் நிற்கும்போது காட்டும் நீலத்திரை; புதிய விண்டோஸ் 11-இல் கறுப்பு) வந்தவுடன் ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் அமைந்திருக்கிறது. அதனால் பிழைச் செய்தியைப் படிக்கும் முன்பே மறைந்துவிடும். ஸ்டார்ட் மெனுவில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’க்குக் கீழே உள்ள ‘செட்டிங்ஸ்’ பட்டனை அழுத்தி, ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி ப்ளூ ஸ்கிரீன் வந்தால் அப்படியே நிற்கும், மொபைலில் படம் எடுத்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் அந்தப் பிழைத்திரை வராமல் நேராக ரீஸ்டார்ட் ஆனால், சந்தேகம் மின்சாரப் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்தது ஈவன்ட் வியூவர், அதாவது நடந்தவற்றை விண்டோஸ் பதிந்து வைக்கும் இடம்; ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும். அதில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’ என்று போனால், ரீஸ்டார்ட் ஆன நேரத்தில் ‘கெர்னல் பவர் 41’ என்ற சிவப்புப் பதிவு இருக்கும். அதைப் பார்த்ததும் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது என்பது மட்டுமே அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது. பதிவின் ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘பக்செக்கோட்’ என்ற வரியைப் பாருங்கள். 0 என்றிருந்தால் விண்டோஸ் எதையும் எழுத அவகாசமே கிடைக்கவில்லை: கரன்ட் துண்டிப்பு, ரீசெட், அல்லது அடியோடு ஹேங். வேறு எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீனின் குறியீடு. 26, 80 என்றால் முதலில் ராமைப் பாருங்கள். 278 கிராஃபிக்ஸ் கார்டையோ அதன் டிரைவரையோ (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) காட்டும். 209 பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர். 292 வந்தால் ஹார்டுவேர் பிழையை ப்ராசசரே அறிவித்திருக்கிறது என்று பொருள். ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா, ஒவ்வொரு முறையும் மாறுகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மாறிக்கொண்டே இருந்தால் ராம் மீது சந்தேகம் கூடும்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஆன் செய்தவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய், ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ், வைரஸ், டிரைவர் எதுவுமே காரணமில்லை. ஆகாவிட்டால் ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். பயாஸில் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கனமான வேலை கிடையாது.

கரன்ட் வரும் வழி

எஸ்எம்பிஎஸ் தன் வோல்டேஜ்கள் சரியாக இருக்கும்வரை மதர்போர்டுக்கு ‘பவர் குட்’ என்ற சிக்னலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் சரிந்து அந்த சிக்னல் விழுந்த நொடியில் போர்டு ரீசெட் ஆகிவிடும். வீட்டில் மிக்ஸி போடும்போதோ, ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போதோ மட்டும் கம்ப்யூட்டர் விழுகிறதென்றால் இதுதான் நடக்கிறது.

சுவரிலிருந்து தொடங்குங்கள். யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் விலக்கி, நேராகச் சுவர் பாயின்டில் செருகி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை நின்றுவிட்டால் விலக்கிய இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி. யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். சோதிக்கக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டாம். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்குங்கள். பல்பு உடனே அணைந்தாலோ சில நொடிகளில் மங்கினாலோ பேட்டரியை மாற்றுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள், அதில் மோடு ஸ்விட்ச் இருந்தால் அது ‘யுபிஎஸ்’ பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஈகோ’வில் இருந்தால் மாறும் நேரம் கூடுதல், ஃபேன் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது.

எஸ்எம்பிஎஸ் லேபிளில் பெரிதாக 450 வாட் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் ப்ராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 192 வாட்தான். கேபினெட்டோடு வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு கிராஃபிக்ஸ் கார்டு சேர்த்தால், கேம் திறந்ததும் ரீஸ்டார்ட் ஆவதில் ஆச்சரியமில்லை.

மல்டிமீட்டர் இருந்தால், கம்ப்யூட்டர் ஓடும்போது உபயோகத்தில் இல்லாத நான்கு முனை மோலெக்ஸ் கனெக்டரில் அளக்கலாம். கறுப்பு–மஞ்சள் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், கறுப்பு–சிவப்பு இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டர் முனை பக்கத்துக் கம்பியைத் தொட்டு ஷார்ட் ஆகாமல் கவனியுங்கள். கனமான கேம் ஓடும்போது அளந்தால்தான் பயன். நொடிக்கும் குறைவான சரிவை மீட்டர் காட்டாது. ஆகவே நல்ல நிலையில் உள்ள வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பதே உறுதியான பதில். பழையதைத் திறந்து பார்க்க மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கேப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

இந்த இடத்தில் பலரும் பார்க்கத் தவறுவது முன்பக்க ரீசெட் பட்டன். உள்ளே சிக்கிக்கொண்டால் தொடர்ந்து ரீசெட் கொடுத்துக்கொண்டே இருக்கும். மதர்போர்டின் கீழ்மூலையில் ‘ரீசெட் எஸ்டபிள்யூ’ என்று எழுதிய இரண்டு பின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். அது இல்லாமலும் கம்ப்யூட்டர் வேலை செய்யும்.

சூடு

சூடு மிஞ்சினால் ப்ராசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அணைந்தபடியே கிடந்து, உடனே ஆன் செய்தால் மறுபடி அணைகிறது என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 70 டிகிரியைத் தாண்டினால் கூலரை (ப்ராசசர் மேல் இருக்கும் ஹீட்சிங்க்கும் ஃபேனும்) கவனிக்க வேண்டும். ஃபேனைக் கழற்றினால் அடியில் ஹீட்சிங்க் தகடுகளின் மேல் தூசி ஒரு மெத்தையாகப் படிந்திருக்கும். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்டெல் கூலர்களில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். ஒன்று உடைந்தாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கூலரைக் கழற்றினால், ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள்.

ராம்

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரன்ட்டை வெளியேற்றிய பிறகு ராமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வொரு ராமாகத் தனித்தனியே, ஒரே ஸ்லாட்டில் வைத்து, இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம். எல்லா ராமிலும் பிழை வந்தால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால், அதை ஆஃப் செய்துவிட்டே சோதியுங்கள்.

விண்டோஸ் பக்கம்

அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் நிலையாக ஓடி, சாதாரணமாக ஓடும்போது மட்டும் விழுந்தால் டிரைவரைப் பாருங்கள். பிரச்சினை தொடங்கிய வாரத்தில் எது அப்டேட் ஆனது என்று கண்டுபிடித்து, டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஹார்டு டிஸ்க் மஞ்சளாகக் காட்டினால், வேறு எதையும் செய்யும் முன் ஃபைல்களை வெளியே நகலெடுத்துவிடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் பிழை திருத்தும் கருவி) ஓட்டினால் அது நடுவிலேயே நின்றுவிடலாம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. அவற்றில் அதிக மின்சாரம் எடுக்கும் மாடல்களில் வோல்டேஜ் கோளாறு இருப்பதை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024-இல் பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டது. வாரண்டியையும் 2 ஆண்டுகள் நீட்டியது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸை எடுத்துப் போடுங்கள். திருத்தம் மேலும் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரியாக்காது. பிறகும் விழுந்தால் வாரண்டியில் கேளுங்கள். பயாஸ் ஏறும்போது ரீஸ்டார்ட் ஆனால் போர்டே போய்விடக்கூடும் என்பதால், கரன்ட் பக்கம் சரி என்று உறுதியான பிறகே இதில் கைவையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் நிற்காவிட்டால் மிஞ்சுவது மதர்போர்டு. பழைய போர்டில் ப்ராசசரைச் சுற்றி நிற்கும் உருளைக் கேப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ காரணம் அதுதான். சால்டரிங் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால் மாற்றித் தருவார்; அதே மைக்ரோஃபாரட், அதே அளவு அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் வகை என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள்.