ஆங்கிலப் பேச்சில் நீளமான வார்த்தை மரியாதை ஆகாது

பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இலக்கணம் சரியாக இருக்கும், உச்சரிப்பும் பரவாயில்லை. ஆனால் ஆளுக்கும் இடத்துக்கும் பொருந்தாத வார்த்தை வந்து விழும். கீழே சொல்பவை எல்லாமே நான் செய்து பட்ட தவறுகள். 'ஹிஸ்', 'ஹெர்' குழப்பமெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரிய வார்த்தையை மரியாதை என்று நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். போன வாரம் ஒரு மாணவரிடம், கூட வேலை செய்பவரிடம் ஃபைல் கேட்பதுபோல் பேசிக் காட்டச் சொன்னேன். 'ஐ ரெக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி ஃபர்னிஷ் தி டாக்குமெண்ட்' என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் வேலையில், வெளிநாட்டிலிருந்த சக ஊழியரிடம் போனில் நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வாக்கியம். அதுவரை கேட்காமலே உதவிக்கொண்டிருந்தவர் அவர். மரியாதையாகப் பேச வேண்டுமே என்று முன்கூட்டி எழுதிவைத்துப் படித்தேன். மறுநாளிலிருந்து அவர் எல்லாவற்றையும் மேலாளர் வழியாகவே அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னார், என்மேல் உனக்கு ஏதோ கோபம் என்று நினைத்துவிட்டேன் என்று.

நமக்கு 'நீங்கள்' இருக்கிறது. 'வாங்க' என்னும்போதே மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் 'நீ' போல 'தவ்', 'நீங்கள்' போல 'யூ' என்று இரண்டு இருந்தன. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பொதுப்பேச்சிலிருந்து 'தவ்' போய்விட்டது. மிஞ்சிய ஒற்றை 'யூ' நமக்கு வெறுமையாகப் படுகிறது, உடனே கனமான சொல்லைத் தேடுகிறோம். ஆனால் அந்தச் சொற்கள் வந்த வழியே வேறு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சு புழங்கியது. 'பை', 'ஹெல்ப்', 'பிகின்' வீட்டுப் பேச்சில் தங்கின. 'பர்ச்சேஸ்', 'அசிஸ்ட்', 'கமென்ஸ்' பிரெஞ்சு வழியாக வந்து பத்திரத்துக்கும் அலுவலகத்துக்கும் உரியவையாகின. பழகிய ஆளிடம் திடீரென்று பத்திர மொழியில் பேசினால், நாம் விலகி நிற்பதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

ஆங்கிலத்தில் பணிவு வினைச்சொல்லில் இருக்கிறது. 'கேன் யூ' என்பதைவிட 'குட் யூ' மென்மை. 'ஐ வாண்ட்' என்பதற்குப் பதில் 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்' என்று ஆரம்பித்துப் பாருங்கள். இறந்தகாலம்போல் தெரிந்தாலும் கேட்பது இப்போதுதான். முடியாது என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கிறது. அந்த மாணவரிடம் 'குட் யூ சென்ட் மீ தட் ஃபைல் வென் யூ கெட் எ சான்ஸ்?' என்று கேட்கச் சொன்னேன். 'இவ்வளவு போதுமா சார், மரியாதைக் குறைவாக இருக்காதா?' என்றார். போதும்.

'ப்ளீஸ்' சேர்த்தால் கட்டளை மறையாது

'ப்ளீஸ் சென்ட் இட் டுடே' கட்டளைதான்.

சுருக்காமல் பேசுவது

'ஐ டோன்ட் நோ' என்பதை 'ஐ டூ நாட் நோ' என்று ஒவ்வொரு சொல்லாக அழுத்தினால், 'தெரியாதுன்னு எத்தனை தடவை சொல்றது' என்ற தொனி வந்துவிடும். எழுத்தில் சரி, பேச்சில் சுருக்குங்கள்.

'கானா', 'வான்னா'

இவை 'கோயிங் டு', 'வாண்ட் டு' என்பவை வேகமான பேச்சில் தானாகக் குழைந்து வருபவை. நிதானமாகப் பேசும் வாக்கியத்தின் நடுவே இவற்றை மட்டும் அழுத்திச் சொன்னால் ஒட்டாது.

நேர்முகத் தேர்வில் 'ப்ரோ'

வேண்டாம்.

எதிரில் இருப்பவரைக் கவனிக்காதது

புதியவரிடம் 'ஹலோ', 'தேங்க் யூ', 'குட் யூ' என்று நடுவாக ஆரம்பியுங்கள். அவர் 'தேங்க்ஸ்' என்று இறங்கினால் நீங்களும் இறங்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றால் அப்படியே கூப்பிடுங்கள். அப்படிச் சொன்ன ஒருவரை நான் மாதக்கணக்கில் 'சார்' என்றே அழைத்தேன். அப்புறம் அவரே சொல்வதை நிறுத்திக்கொண்டார்.