மாருதி 800 இன்னும் எத்தனை ஓடுது? கணக்கு போடும்போது நாம பண்ற தப்புங்க

மாருதி 800 பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் "28 லட்சம் வண்டி சார், பாதியாவது இன்னும் ஓடும்"னு அடிச்சு விடுவார். அந்த 28 லட்சத்துலயே முதல் தப்பு இருக்கு. 1983 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2014 ஜனவரியில நிறுத்துற வரைக்கும் தயாரிச்சது தான் சுமாரா 28.7 லட்சம், அதுல உள்ளூர்ல வித்தது கிட்டத்தட்ட 26.6 லட்சம், மீதி ஹங்கேரி நேபாளம்னு எக்ஸ்போர்ட் ஆனது. ஆக எண்ண ஆரம்பிக்கும்போதே ரெண்டு லட்சம் அவுட்.

அடுத்து, ஆர்.டி.ஓ. ரெக்கார்டுல இருந்தா வண்டி உயிரோட இருக்குன்னு நம்புறது. பெரிய ஓட்டை இங்க தான். எங்க சித்தப்பா 2001 மாடல் வெள்ளை 800ஐ 2016ல காயலான் கடைல எடைக்கு போட்டுட்டு வந்தார், ஆர்.சி. புக்கு இன்னும் பீரோவுல இருக்கு, வண்டி விவரம் காட்டுற ஆப்ல நம்பர் போட்டா ஸ்டேட்டஸ் இன்னும் ஆக்டிவ்னு காட்டுது! வண்டி ஓட்ட லாயக்கில்லாம போயிட்டா 14 நாளுக்குள்ள சொல்லி ஆர்.சி.ய கேன்சல் பண்ணணும்னு மோட்டார் வாகன சட்டம் 55வது பிரிவுல இருக்கு, யாரு போறா சொல்லுங்க. இங்கிலாந்துல வருஷா வருஷம் டாக்ஸ் கட்டணும், இல்லன்னா வண்டி ரோட்டுக்கு வரலைன்னு எழுதிக் கொடுக்கணும், அதனால அவங்களால மாடல் வாரியா எண்ண முடியுது. நம்ம ஊர்ல வண்டி வாங்கும்போதே லைஃப் டாக்ஸ் கட்டிடறோம், அதுக்கப்புறம் 15 வருஷம் ஆர்.டி.ஓ. பக்கம் தலை வைக்க வேண்டிய அவசியமே இல்ல.

சரி, 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி.ய ரினியூ பண்ணாத வண்டியெல்லாம் செத்துப் போச்சுன்னு கழிச்சுடலாமான்னா அதுவும் தப்பு. 2022 ஏப்ரல்ல ரினியூவல் ஃபீஸ் 600லேர்ந்து 5000 ஆனதும் நிறைய பேர் கண்டுக்காம விட்டுட்டாங்க, வண்டி பாட்டுக்கு ஓடிட்டு தான் இருக்கு.

பேர் குழப்பம் இன்னொரு தலைவலி. ஆல்ட்டோ 800 வேற வண்டி, 2012ல வந்தது, அதையும் சேர்த்து எண்ணுறவங்க உண்டு. பாகிஸ்தான்ல 2019 வரைக்கும் வந்த சுசுகி மெஹ்ரான் பார்க்க அச்சு அசல் நம்ம 800 தான், அந்த போட்டோவ போட்டு "பாருங்க இன்னும் புதுசு மாதிரி இருக்கு"ன்னு ஒரு கூட்டம். வண்டி பதிவுக் கணக்கு காட்டுற அரசாங்க வெப்சைட்டான வாகன் டேஷ்போர்ட்ல தேடலாம்னா அங்க கம்பெனி வாரியா தான் வரும், மாடல் வராது, அதுலயும் 2007ல கம்பெனி பேர் மாறினதால பழைய 800 மாருதி உத்யோக்ங்கிற பழைய பேர்லயும் கிடக்கலாம்.

சென்னைய வெச்சு நாடு முழுக்க கணக்கு போடாதீங்க. வண்டி புகைக்கான பி.எஸ். 4 ரூல் வந்ததால 2010 ஏப்ரல்லயே சென்னை உட்பட 13 சிட்டில 800 விக்கிறத நிறுத்திட்டாங்க, மத்த ஊர்ல 2014 வரைக்கும் கிடைச்சுது. அதனால சென்னைல வாங்குன கடைசி வண்டிக்கே 2025ல 15 வயசு, சின்ன ஊர்ல கடைசியா வாங்குனதுக்கு 2029 வரைக்கும் ஆர்.சி. இருக்கும்.

இருக்கறதுல ஓரளவு நம்பலாம்னா இன்சூரன்ஸ் தான், வருஷா வருஷம் கட்டுறது இல்லையா, ஆனா அதுவும் முழுசா கை கொடுக்காது. எங்க தெருவையே எடுத்துக்கோங்க, மொத்தம் மூணு 800. ஒண்ணு டிரைவிங் ஸ்கூல் வண்டி, எல் போர்டோட ஒரு நாளைக்கு பத்து தடவை கண்ணுல படும், பாக்கறவனுக்கு பத்து வண்டி மாதிரி இருக்கும். இன்னொண்ணு நாலு வருஷமா கவர் போட்டு நிக்குது, டயர்ல காத்தே இல்ல, ஆனா ஓனர் சென்டிமென்ட்டா இன்சூரன்ஸ் தவறாம கட்டுறார். மூணாவதுக்கு ஆர்.சி.யும் முடிஞ்சுது இன்சூரன்ஸும் முடிஞ்சுது, ஞாயித்துக்கிழமை தவறாம மீன் மார்க்கெட் போயிட்டு வருது.