பழைய ராணுவத் தோட்டாவா, சொந்த ரீலோடிங்கா? காலிக் கூட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ரைஃபிள் வாங்குவது ஒருமுறைச் செலவு, தோட்டாதான் தொடர்ந்து கையைக் கடிக்கும். ராணுவம் கழித்துவிட்ட சர்ப்ளஸ் தோட்டாவை வாங்கலாமா, சுட்ட கூட்டில் புதுப் பிரைமர், பவுடர், குண்டு போட்டுச் சொந்தமாக ரீலோட் செய்யலாமா என்று யார் கேட்டாலும், நான் முதலில் கேட்பது சுட்டபின் கீழே விழுகிற காலிக் கூடு எப்படிப்பட்டது என்றுதான்.

ஒரு கூட்டை எடுத்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடியில் நடுவே ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகைப் பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), ரீலோடிங் டையில் (கூட்டை நுழைத்துச் சீராக்கும் அச்சு) உள்ள ஊசி பழையதைத் தள்ளிவிடும். இரண்டு சின்னத் துளைகள் என்றால் பெர்டான்; ஊசி நுழையாது, புதுப் பிரைமர் தேடி அலைய வேண்டும், விட்டுவிடுங்கள். (வேடிக்கை என்னவென்றால் பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர், ஆனால் அமெரிக்கா பிடித்துக்கொண்டது பாக்ஸரை!) சோவியத் காலத்து 7.62×54 ஆர் ரைஃபிள் தோட்டா பெரும்பாலும் பெர்டான் பிரைமர், இரும்புக் கூடு. மலிவாகக் கிடைத்தால் வாங்கிச் சுடலாம், ஆனால் கூட்டைக் குப்பை என்றே கணக்கு வையுங்கள். பாக்ஸர் பித்தளைக் கூடு என்றால் சர்ப்ளஸ் விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, அந்தக் கூட்டை நான்கைந்து முறையாவது திரும்பப் பயன்படுத்தலாம். ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி அழுத்தி மடித்திருப்பார்கள், அதை முதல் முறை சீவி எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சர்ப்ளஸில் மறைந்திருக்கும் செலவு துரு. பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், அது எரிந்தபின் குழலுக்குள் உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். 1950-களின் தொடக்கம் வரை வந்த அமெரிக்க .30-06 தோட்டாக்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். உப்பு எண்ணெயில் கரையாது. இது தெரியாமல் ஒருமுறை நான் எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் போல்ட்டைத் திறந்தால் முகப்பெல்லாம் செம்மண் நிறம். வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய். அதையும் சுட்ட அன்றே செய்யுங்கள்.

சரி, ரீலோடிங். ஒரு பவுண்டு பவுடரில் 7000 கிரெய்ன் (பவுடரை நிறுக்கும் சின்ன எடை அளவு). கணக்குக்காக ஒரு தோட்டாவுக்கு 45 கிரெய்ன் என்று வைத்தால் (இது நீங்கள் போட வேண்டிய அளவு அல்ல, வெறும் வகுத்தல்) 155 தோட்டா வரும். அதோடு பிரைமர், குண்டு விலையைக் கூட்டி, பிரஸ் (டையைப் பொருத்தி அழுத்தும் கருவி), டை, தராசுக்கான செலவையும் நீங்கள் சுடப்போகும் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு இருநூறு தோட்டா மட்டும் சுடுபவருக்கு, அதுவும் கடையில் தாராளமாகக் கிடைக்கும் காலிபர் (தோட்டா அளவு) என்றால், அந்தக் கருவிச் செலவு சீக்கிரத்தில் திரும்பாது. அரிதான காலிபர் வைத்திருப்பவருக்கும், குறி துல்லியமாக வேண்டும் என்பவருக்கும் ரீலோடிங்தான் வழி. ஆனால் உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா, தனி உரிமம் வேண்டுமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பவுடர் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து மட்டுமே ஆரம்பியுங்கள். மேசையில் ஒரு சமயத்தில் ஒரே பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும், சர்ப்ளஸ் தோட்டாவைப் பிரித்து எடுத்த பவுடர் எந்த ரகம் என்றே தெரியாது, அதைத் தொடவே வேண்டாம். ஒருமுறை பவுடர் போடும்போது போன் வந்தது, பேசிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். குண்டு பொருத்துமுன் கூடுகளை நிறுத்திய தட்டின் மேல் டார்ச் அடித்தபோது ஒரு கூட்டில் பவுடர் பக்கத்துக் கூட்டை விட மேலேறி நின்றது, இரண்டு முறை போட்டிருக்கிறேன். தட்டு முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அன்றிலிருந்து மேசைக்குப் போகும்போது போனை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.