ஃப்ளூ ஊசி போடலாமா வேணாமா? வேலூர் பக்கம் நாம பண்ற தப்புங்க

ஃப்ளூன்னா இன்ஃப்ளுயன்ஸா வைரஸால வர்ற காய்ச்சல், அதுக்கான தடுப்பூசியைப் பத்திதான் சொல்றேன். முதல்ல நேரத்தைப் பத்தி பேசிடலாம், ஏன்னா நம்ம பக்கம் நிறைய பேரு கோட்டை விடுறது அங்கதான். தீபாவளி சமயத்துல தெருவுல நாலு வீட்ல காய்ச்சல்னு கேள்விப்பட்டதும், இருமல் சத்தம் பக்கத்து வீட்லருந்து கேட்க ஆரம்பிச்சதும்தான் "ஃப்ளூ ஊசின்னு ஒண்ணு கீதாமே, போட்டுக்கலாமா"ன்னு விசாரிக்கவே ஆரம்பிக்கிறோம். ஊசி போட்டு உடம்புல எதிர்ப்பு சக்தி உருவாக கிட்டத்தட்ட ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள வைரஸ் வீட்டுக்குள்ள வந்துடுச்சுன்னா அந்த ஊசியால ஒண்ணும் பண்ண முடியாது.

யூட்யூப்ல அமெரிக்கா டாக்டருங்க பேசுறதைப் பார்த்துட்டு இது பனிக்காலத்து வியாதி, டிசம்பர் ஜனவரில பார்த்துக்கலாம்னு நினைக்கிறதும் இதே தப்போட இன்னொரு பக்கம்தான். இந்தியாவுல பத்து ஊர்ல 2009ல இருந்து 2013 வரைக்கும் சேர்த்த ஃப்ளூ கணக்கை வச்சு 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல வேலூரும் ஒரு ஊர். டெல்லி, புனே, கொல்கத்தா மாதிரி ஊருங்கள்ல ஜூன்லருந்து செப்டம்பருக்குள்ள ஃப்ளூ உச்சத்துக்குப் போச்சு, ஸ்ரீநகர்ல ஜனவரி டு மார்ச், சென்னையிலயும் வேலூர்லயும் மட்டும் அக்டோபர் நவம்பர்ல. காரணம் யோசிச்சா புரிஞ்சிடும், டெல்லி, புனே மாதிரி ஊருங்களுக்கு தென்மேற்கு மழை, நமக்கு பெரிய மழை ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குலருந்து வருது, மழையோட சேர்ந்து ஃப்ளூவும் ஏறுது. அதனால நம்ம ஊர்க்காரங்க ஆவணி புரட்டாசிலயே, அதாவது செப்டம்பர் முடியறதுக்குள்ள முடிவெடுத்து போட்டுக்கறதுதான் சரி. தீபாவளிக்கு சொந்தக்காரங்க வர்றது, பஸ் ஸ்டாண்டு கூட்டம், ஜவுளிக்கடை கூட்டம் எல்லாமே அதுக்கு அப்புறம்தானே. அதுக்காக நவம்பர் வந்துட்டா எல்லாம் போச்சுன்னு விட்டுடவும் வேணாம், ஊர்ல ஃப்ளூ சுத்திக்கிட்டு இருக்கிற வரைக்கும் லேட்டா போட்டாலும் பிரயோஜனம் இருக்கு.

இதோட ஒட்டுன தப்பு, போன வருஷம் போட்டாச்சு இல்ல அது போதும்னு இருக்கிறது. இந்த வைரஸ் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா உருவம் மாத்திக்கும், நம்ம உடம்புல ஊசி குடுத்த சக்தியும் மாசக்கணக்குல குறைஞ்சிக்கிட்டே போகும். அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரில உலகத்தோட வட பாதிக்கும் செப்டம்பர்ல தென் பாதிக்கும், எந்தெந்த வகை வைரஸை ஊசில சேர்க்கணும்னு உக்காந்து முடிவு பண்றாங்க. நம்ம நாட்டுல ரெண்டு வகை ஊசியும் கிடைக்கும். போட்டுக்கப் போறப்ப டப்பாவை வாங்கி எந்த சீசனுக்கானது, எக்ஸ்பைரி எப்போன்னு பாருங்க, அப்ப கிடைக்கிறதுல புதுசு எதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கேட்டா ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டாங்க, காசு குடுத்து போடுறோம், கேட்க உரிமை இருக்கு. முன்னாடி நாலு வகைக்கு இருந்த ஊசி இப்ப மூணு வகைக்குதான் இருக்குன்னு சொன்னா ஏமாத்துறாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க, யமகட்டான்னு ஒரு பி வகை வைரஸ் 2020 மார்ச்சுக்கு அப்புறம் உலகத்துல எங்கயும் உறுதியா கண்டுபிடிக்கப்படலை, அதனால அதைச் சேர்க்க வேணாம்னு சொல்லிட்டாங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயத்துக்கு வரேன். ஊசி போடலாமான்னு யோசிக்கிறப்ப நாம கேட்டுக்கிற கேள்வியே தப்பா இருக்கு. "எனக்கு இன்னா ஆகப்போவுது, ரெண்டு நாள் படுத்தா எழுந்துடுவேன்"னு முப்பது வயசு ஆளு சொல்றது அவரளவுல பெரும்பாலும் உண்மைதான், ஆனா அவரு வேலை முடிச்சு வீட்டுக்குப் போறப்ப அங்க யாரு இருக்காங்க? சக்கரை இருக்கிற அம்மா, நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச அப்பா, மூணு வயசு குழந்தை, ஏழு மாச கர்ப்பத்துல தங்கச்சி. என் வீட்ல இது வந்தா தாங்க முடியாதவங்க யாரு, அவங்க பக்கத்துல தினமும் இருக்கிறவங்க யாருன்னு கேட்டுப் பாருங்க, பாதி முடிவு அங்கயே வந்துடும்.

நம்ம பக்கத்துக்குன்னு சில விஷயம் இருக்கு. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைல தோல் ஷாப்புல வருஷக்கணக்கா வேலை செஞ்சவங்க, குடியாத்தம் பக்கம் வீட்டுலயே பீடி சுத்துற அம்மாங்க, விறகு அடுப்புல சமைச்சே வயசானவங்க, இவங்கள்ல எத்தனையோ பேருக்கு வீசிங்கும் நாள்பட்ட இருமலும் இருக்கு, அதை ஒரு நோயாவே எடுத்துக்காம "எனக்கு எப்பவும் இப்படித்தான்"னு ஓட்டிட்டு இருப்பாங்க. அந்த நுரையீரல் மேல ஃப்ளூ வந்து உக்காந்தா நிமோனியா வரைக்கும் போயிடும். அதே மாதிரி இருதய நோயாளிங்க. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாள்ல ஹார்ட் அட்டாக் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட ஆறு மடங்கு ஏறுதுன்னு கனடாவுல பண்ணி 2018ல வெளிவந்த ஆய்வு ஒண்ணு சொல்லுது. சாதா சளிக்காய்ச்சல்னு நாம தள்ளிவிடுற ஒண்ணு நெஞ்சு வரைக்கும் போகுதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது, ஸ்டென்ட் வச்சவங்க மாத்திரையை ஒரு வேளை விடாம போடுறாங்க, இந்த ஊசியைப் பத்தி மட்டும் டாக்டர்கிட்ட வாயைத் திறந்து கேட்கறதே இல்ல.

அப்புறம் வேலூர் டவுன்ல ரெண்டு வீட்டுக்கு ஒரு வீட்ல யாராவது ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட வேலைல இருப்பாங்க போல, நர்ஸ், லேப், வார்டு ஆளுங்க, அட்டெண்டர். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுங்கள்ல வேலை செய்றவங்களும் அதே கணக்குதான், வங்காளத்துலருந்தும் ஜார்கண்ட்லருந்தும் ஆந்திராவுலருந்தும் வர்ற நோயாளிங்களோடதான் அவங்க நாள் போகுது. ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு போடணும்னு பெரும்பாலும் தெரியும், லாட்ஜு பையனுக்கும் மெஸ்ஸுல பரிமாறுற அக்காவுக்கும் யாரும் சொல்றதில்ல. அவங்களுக்கும் சொல்லுங்க, அவங்களுக்கு அந்த மழைக்காலம் முழுக்க தினமும் இருமல்காரங்க நடுவுலதான் வேலை.

கர்ப்பமா இருக்கிறவங்க விஷயத்துல வீட்டுல பெரியவங்க பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, "வயித்துல புள்ள இருக்கிறப்ப எந்த ஊசியும் வேணாம்"னு ஆயாவோ மாமியாரோ சொல்லிடுவாங்க, பயத்துலயும் பாசத்துலயும் சொல்றதுதான். ஆனா உலக சுகாதார நிறுவனம் 2012லயே கர்ப்பிணிங்களுக்குத்தான் முதல் முன்னுரிமைன்னு சொல்லிடுச்சு, செத்த வைரஸ்ல செஞ்ச ஊசியை எந்த மாசத்துலயும் போடலாம். குழந்தைக்கு ஆறு மாசம் ஆகற வரைக்கும் அதுக்கு இந்த ஊசியைப் போட முடியாது, அந்த ஆறு மாசத்துக்கும் அம்மா போட்டுக்கிட்டது மூலமா போற எதிர்ப்பு சக்திதான் அதுக்குத் துணை. 1918ல உலகம் பூரா ஃப்ளூ அடிச்சப்ப இந்தியால மட்டும் ஒரு கோடிக்கு மேல செத்தாங்கன்னு கணக்கு, கர்ப்பிணிங்க ரொம்ப மோசமா அடிபட்டாங்க. அதே 1918லதான் நம்ம வேலூர்ல சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா பொண்ணுங்களுக்குன்னு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சாங்க, பிரசவத்துல பார்க்க பொம்பள டாக்டர் இல்லாம பொண்ணுங்க செத்ததைப் பார்த்துதான் அவங்க இந்தப் பாதைக்கே வந்தாங்க. அப்படிப்பட்ட ஊர்ல நூறு வருஷம் கழிச்சும் ஒரு கர்ப்பிணிக்கு, டாக்டர் போடலாம்னு சொன்ன ஊசியை வீட்டுல தடுக்கிறாங்கன்னா எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கு. மூக்குல அடிக்கிற உயிருள்ள வைரஸ் வகை மட்டும் கர்ப்பத்துல கூடாது, அதை ஞாபகம் வச்சிக்கோங்க.

குழந்தைங்களுக்கு வரேன். "ஒண்ணரை மாசத்துலருந்து போட்ட பென்டாவேலன்ட் ஊசில இன்ஃப்ளுயன்ஸாவும் இருக்குன்னு கார்டுல போட்டிருக்கே"ன்னு சில பேரு விட்டுடறாங்க. அது ஹிப், அதாவது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா பி-ங்கிற பாக்டீரியாவுக்கு, ஃப்ளூ ஒரு வைரஸ், ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல, 1890கள்ல அந்த பாக்டீரியாதான் ஃப்ளூவுக்கு காரணம்னு தப்பா நினைச்சு வச்ச பேரு அப்படியே தங்கிடுச்சு. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கத்தோட அட்டவணைல ஆறு மாசத்துலருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஃப்ளூ ஊசி தனியா இருக்கு. ஒன்பது வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு முதல் தடவை போடுறப்ப நாலு வார இடைவெளில ரெண்டு டோஸ், ஒண்ணோட நிறுத்தினா பாதில விட்ட மாதிரிதான். அந்த நாலு வாரத்தையும் கணக்குல வச்சுதான் ஆகஸ்ட்லயே ஆரம்பிக்கணும்.

"ஊசி போட்டதாலதான் காய்ச்சல் வந்துச்சு" இது எல்லா தெருவுலயும் கேட்குற பேச்சு. கைல போடுற ஊசில உயிருள்ள வைரஸ் கிடையாது, அதால ஃப்ளூ வர வழியே இல்ல. கை வலி, லேசா உடம்பு சூடு, அசதி ஒரு நாள் ரெண்டு நாள் இருக்கலாம், பாராசிட்டமால் போட்டா போயிடும். எதிர்ப்பு சக்தி உருவாகற அந்த ரெண்டு வாரத்துக்குள்ள வெளிலருந்து ஃப்ளூ ஒட்டிக்கிட்டாலும், வேற ஏதோ சளி வந்தாலும் பழி ஊசி மேல விழுது.

இன்னொரு பேச்சு, "போட்டும் வந்துச்சே, வேஸ்ட்டு". இதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. ஒண்ணு, ஊசில சேர்த்த வகையும் ஊர்ல சுத்துற வகையும் நல்லா பொருந்துற வருஷத்துல, ஃப்ளூவுக்காக டாக்டர்கிட்ட போற நிலைமையை அது நூத்துக்கு 40லருந்து 60 வரைக்கும் குறைக்குது, அவ்ளோதான், முழுசா தடுக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வந்தாலும் ஐசியு வரைக்கும் போறது குறையுதுங்கிறதுதான் அதோட பெரிய லாபம். ரெண்டாவது, வந்தது ஃப்ளூதானா? நம்ம பக்கம் அதே மழைக்காலத்துல டெங்கு வருது, டைஃபாய்டு வருது, உண்ணிக் காய்ச்சல்னு சொல்ற ஸ்க்ரப் டைஃபஸ் வேலூர் சுத்துவட்டாரத்துல நல்லாவே இருக்கு, காட்டு ஓரமா ஆடு மாடு மேய்க்கிறவங்க, வயல்ல வேலை செய்றவங்களுக்கு புதர்ல இருக்கிற சின்னப் பூச்சி கடிச்சு வரும், கடிச்ச இடத்துல சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா பக்கு கட்டியிருக்கும். சாதா மூக்கொழுகற சளிக்கு வேற வைரஸுங்க நூத்துக்கணக்குல இருக்கு. ஃப்ளூ ஊசி இதுல எதையும் தடுக்காது. இதுல ஆபத்தான தப்பு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, ஊசி போட்டாச்சுன்னு தைரியத்துல அஞ்சு நாள் காய்ச்சலை வீட்டுலயே வச்சிருக்கிறது. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின்னு மலிவான மருந்து இருக்கு, சீக்கிரம் போனா காப்பாத்திடலாம், லேட்டான கதைதான் கஷ்டம்.

நிலவேம்பு கஷாயம், கபசுரக் குடிநீர் குடிக்கிறவங்க குடிங்க, நான் வேணாம்னு சொல்லலை, எங்க வீட்லயும் காய்ச்சுவாங்க. ஆனா அதைக் குடிக்கிறேன் அதனால ஊசி தேவையில்லன்னு சக்கரை நோயாளி முடிவெடுக்கிறது சரியில்ல. மெடிக்கல்ல போய் "ஆன்டிபயாடிக் ஒரு அட்டை குடுண்ணா"ன்னு வாங்கிப் போடுறது அதைவிட தப்பு, வைரஸுக்கு அது வேலையே செய்யாது.

காசு விஷயத்தையும் பேசணும். அரசாங்கத்தோட வழக்கமான தடுப்பூசி அட்டவணைல இது இல்ல, அதனால பெரும்பாலும் கைக்காசு போட்டுதான் போடணும், கம்பெனிக்கு கம்பெனி விலை மாறும், வீட்டுல அஞ்சு பேருக்குன்னா பெரிய தொகைதான். கர்ப்பிணிங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கிராம நர்ஸ்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. எல்லாருக்கும் போட முடியலைன்னா யாருக்குமே வேணாம்னு விட்டுடாதீங்க. ஒருத்தருக்குதான் முடியும்னா கர்ப்பிணி, 65 தாண்டினவங்க, நெஞ்சு நுரையீரல் கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க, சின்னக் குழந்தை, இவங்கள்ல யாரு ரொம்ப பலவீனமோ அவங்களுக்குப் போடுங்க. அடுத்து முடிஞ்சா அவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கு. கல்யாணத்துக்கு மொய் எழுதுற காசை விட இது பெருசா போயிடாது.

விலை கம்மின்னு சொல்லி வேற ஊர் கடைல வாங்கி பைல போட்டு பஸ்ல எடுத்துட்டு வர்ற பழக்கம் கூடவே கூடாது. இந்த மருந்து 2லருந்து 8 டிகிரி குளிர்ச்சில இருந்தாகணும், உறையவும் கூடாது. செப்டம்பர்லயே நம்ம ஊரு வெயிலு எப்படின்னு சொல்லத் தேவையில்ல, காட்பாடிலருந்து ஒடுகத்தூர் போறதுக்குள்ள அது சூடாகிடும், அப்புறம் போட்டும் போடாததும் ஒண்ணுதான். போடுற இடத்துலயே ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கிறதை எடுத்துப் போடச் சொல்லுங்க.

யாரு தள்ளி நிக்கணும்னா, முன்னாடி இதே ஊசிக்கு மூச்சுத் திணறி முகம் வீங்கற அளவுக்கு அலர்ஜி ஆனவங்க போடக்கூடாது. ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள்ள கைகால் செயலிழக்குற கியான் பாரே நோய் வந்தவங்க டாக்டர்கிட்ட பேசாம போடக்கூடாது. இப்ப நல்ல காய்ச்சல்ல இருக்கிறவங்க இறங்கினதும் போட்டுக்கலாம், லேசான மூக்கொழுகலுக்காக தள்ளிப்போட வேணாம். இந்த ஊசி மருந்தை பெரும்பாலும் முட்டைல வளர்த்துச் செய்றதால, முட்டை அலர்ஜின்னு பயந்து விடுறவங்க இருக்காங்க, அவங்களுக்குன்னு தனியா இருந்த கட்டுப்பாட்டை இப்ப அமெரிக்காலயே எடுத்துட்டாங்க, இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு போடுங்க, போட்டதும் கால் மணி நேரம் அங்கயே உக்காந்துட்டு வாங்க.

போட்டாலும் போடலைன்னாலும், திடீர்னு கடுமையான காய்ச்சல், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட வலி, வறட்டு இருமல்னு ஆரம்பிச்சா, மேல சொன்ன பலவீனமானவங்க அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும், ஃப்ளூவுக்கு குடுக்கிற ஓசல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேட்கும். மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, உதடு நீலமாகுறது, குழப்பமா பேசுறது, குழந்தை பால் குடிக்காம துவண்டு கிடக்கிறது, காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் கழிச்சு திரும்ப ஏறுறது, இதுல எது தெரிஞ்சாலும் ராத்திரின்னு பார்க்காம அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்துல எந்த பெரிய ஆஸ்பத்திரியோ அங்க கூட்டிட்டுப் போயிடுங்க, 108க்கு போன் போட்டா வண்டி வரும்.