கேப் இடிக்கிறது என்றதும் தேய்க்காதீர்கள்

பல்லின் மேல் உறையாகப் புதிதாக மாட்டிய கேப்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, "டாக்டர், இதுதான் முதல்ல இடிக்குது" என்கிறார் நோயாளி. உடனே கை, தேய்க்கும் கருவியான ஏரோட்டருக்குப் போகிறது. கடி படும் இடத்தில் மை பதிக்கும் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி கடிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் "இப்ப பரவாயில்லை" என்பார். வேலை முடிந்த மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தக் கேப் ஏன் உயரமாக நின்றது என்று யாரும் பார்க்கவில்லை.

அடிக்கடி நடப்பது இதுதான். கேப்பின் பக்கவாட்டுப் பகுதி அடுத்த பல்லோடு இறுக்கிக்கொள்ளும். கேப் அடிவரை இறங்காமல் நின்றுவிடும். மேலே அரை மி.மீ. உயரம் என்றால் ஈறோரத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு இடைவெளி இருக்கும். மேலே தேய்த்தால் கடி சரியாகும், இடைவெளி அப்படியே இருக்கும். அதை அடைத்திருக்கும் சிமென்ட் எச்சிலில் கரையக் கரைய உள்ளே சொத்தை தொடங்கும். 1 மி.மீ. இருந்த ஸிர்கோனியா (கேப் செய்யும் பீங்கான் வகை) பாதியாகி விரிசலும் விடலாம். அதனால் பக்கம், விளிம்பு, கடி என்ற வரிசை மாறக்கூடாது. ஃபிளாஸ் நூல் இருபுறமும் சற்றே தடைப்பட்டு 'டக்'கென்று இறங்க வேண்டும். நூல் பிய்ந்தாலோ இறங்க மறுத்தாலோ, மெல்லிய தாளை இடுக்கில் வைத்து உரசும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் ரப்பர் சக்கரத்தால் குறையுங்கள். பிறகு எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்கம்பியின் முனையை விளிம்பைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். கடியைப் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான்.

பக்கமும் விளிம்பும் சரி, இன்னும் உயரம் என்றால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். எதிர்த்தாடை மாடலில், பல் குழிக்குள் ஒட்டிய கடுகளவு பிளாஸ்டர் குமிழ் போதும். இரண்டு மாடலும் முழுதாக மூடாது, அந்த அளவுக்குக் கேப் உயரமாகவே வரும். கடியைப் பதிவுசெய்யும் சிலிக்கானை வெட்டாமல் லேபுக்கு அனுப்பினாலும் இதே கதை. பல் முனைகள் பதிந்த 1 முதல் 2 மி.மீ. ஆழம் மட்டும் போதும், மீதியைப் பிளேடால் சீவிவிட வேண்டும். தற்காலிக கேப் கழன்று விழுந்து, "புதுசு வரட்டும்" என்று நோயாளி இரண்டு வாரம் சும்மா இருந்திருந்தால் அந்தப் பல்லே மேலெழும்பியிருக்கும். அதற்கு லேபைத் திட்டிப் பயனில்லை.

சில கேஸில் பல்லையே போதுமான அளவு குறைத்திருக்க மாட்டோம். கடைவாயில் சுமையைத் தாங்கும் முனைகள் மேலே அண்ணத்துப் பக்கமும் கீழே கன்னத்துப் பக்கமும் இருக்கின்றன. உலோகக் கேப்புக்கே அங்கே 1.5 மி.மீ. இடம் வேண்டும், உலோகத்தின் மேல் பீங்கான் வருவதானால் 2 மி.மீ. கண்மதிப்பை நம்ப வேண்டாம். அளவு எடுக்கும் முன் மென்மெழுகைக் கடிக்க வைத்து, எடுத்து, கேஜில் தடிமனைப் பாருங்கள். கேப் வந்த பிறகு தெரிந்தால் ஓட்டை விழும்வரை தேய்ப்பதைத் தவிர வழியில்லை.

இனி தாளைப் பற்றி. இயற்கைப் பற்கள் இரண்டுக்கு நடுவே 20 மைக்ரான் அளவுள்ள பொருளைக்கூட மனிதரால் உணர முடியும். தலைமுடியே ஏறத்தாழ 70 மைக்ரான். 200 மைக்ரான் நீலத் தாளை வைத்துக்கொண்டு அந்த நுணுக்கத்தைப் பிடிக்க முடியாது, அது படாத இடத்தையும் பட்டதாகக் காட்டும். தேடுவதற்கு 40, உறுதிசெய்ய 8 மைக்ரான் ஷிம்ஸ்டாக் (மிக மெல்லிய படலம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லைப் பஞ்சால் நன்றாகத் துடைக்காவிட்டால் எந்தத் தாளும் பதியாது. பளபளப்பான கேப்பில் மை ஒட்டவில்லை என்றால் தாளில் துளி வாசலின் தடவலாம். பெரிதாக, கறுப்பாகப் பதிந்த இடமே அதிகம் அழுத்துகிறது என்று எண்ணுவதும் தவறு. நடுவில் வெளுத்து, சுற்றிலும் வளையமாக மை நிற்கிறதா என்று பாருங்கள், பளு அங்கேதான்.

உண்மையைச் சொல்பவை பக்கத்துப் பற்கள். உதாரணமாக 36-க்கு (கீழ் இடது முதல் பெரிய கடைவாய்ப்பல்) கேப் என்றால், ஊசி போடுவதற்கு முன்பே 35, 37 இரண்டிலும் ஷிம்ஸ்டாக்கைக் கடிக்க வைத்து இழுங்கள். பிடிக்கிறதா, நழுவுகிறதா என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். கேப் மாட்டிய பின் அவை அதே மாதிரி பிடிக்க வேண்டும். முன்பு பிடித்த 37 இப்போது தாளை விட்டுவிடுகிறது என்றால், நோயாளி "சரி" என்று சொன்னாலும் கேப் உயரம்தான். மரத்துப்போன வாயும், சாய்ந்து படுத்திருப்பதால் சற்றே பின்னோக்கிச் சரியும் தாடையும் தரும் சாட்சியை நம்ப முடியாது. நிமிர்ந்து உட்கார வைத்து ஒருமுறை பார்த்துவிட்டே அனுப்புங்கள்.

உயரமான ஃபில்லிங்கோடு போனவர் மறுநாள், "மெல்ல முடியல, ஜில்லுனு குடிச்சா சுள்ளுங்குது" என்று வருவார். நரம்பு கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு ரூட் கேனால் தொடங்குவதுதான் இதில் மிகப் பெரிய தவறு. முதலில் கடியைப் பாருங்கள். உயரம் மட்டுமே காரணம் என்றால் குறைத்த சில நாளில் அடங்கிவிடும். கடிக்கும்போது இல்லாமல், கடித்ததை விடும்போது சுரீர் என்றால் பல்லில் விரிசலைத் தேடுங்கள்.

தேய்த்த இடத்தைப் பாலிஷ் செய்யாமல் விடுவதும் சகஜம். சொரசொரப்பான ஸிர்கோனியா எதிர்ப்பல்லின் எனாமலை உப்புத்தாள் மாதிரி அராவும்.

தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்ப்ளான்ட் தனி வகை. இயற்கைப் பல் நார்ப்படலத்தில் தொங்குவதால் அழுத்தும்போது 25 முதல் 100 மைக்ரான் அமுங்கும்; இம்ப்ளான்ட் 3 முதல் 5 மைக்ரான்தான். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தால் பலமாகக் கடிக்கும்போது சுமை முழுதும் இம்ப்ளான்ட் மேல் விழுந்து, ஸ்க்ரூ தளரும், பீங்கான் உடையும். லேசாகக் கடித்தால் ஷிம்ஸ்டாக் நழுவ வேண்டும், இறுகக் கடித்தால் பிடிக்க வேண்டும்.

தாடை மூட்டு வலியோடு வருபவரின் நல்ல பற்களைத் 'கடியைச் சரிசெய்கிறேன்' என்று தேய்ப்பதற்கு இன்று நியாயம் இல்லை. அப்படித் தேய்ப்பது மூட்டு வலியைத் தீர்க்கும் என்றோ தடுக்கும் என்றோ ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2003-லேயே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் ஆய்வு சொல்லிவிட்டது. சில வாரம் மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, தேவைப்பட்டால் இரவில் ஸ்பிளின்ட் (பற்களின் மேல் மாட்டிக் கழற்றும் தட்டு) என்று, பின்வாங்க முடிந்த வழிகளில் தொடங்குங்கள். ஸ்பிளின்ட் கடினமான அக்ரிலிக்கில், அந்தத் தாடைப் பற்கள் அனைத்தையும் மூடி, எதிர்ப்பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படும்படி இருக்க வேண்டும். முன்பற்களுக்கு மட்டும் மாட்டும் சின்ன ஸ்பிளின்ட்டை மாதக்கணக்கில் போட்டால், மூடாத பின்பற்கள் எழும்பி, ஒருநாள் காலையில் முன்பற்கள் சேரவே சேராது. முழு ஸ்பிளின்ட்டையும் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தசை தளரத் தளரத் தாடை இடம் மாறும் என்பதால் இரண்டு வாரத்தில் வரவழைத்து, புள்ளிகளை மறுபடி பார்த்து, ஸ்பிளின்ட்டைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.