தீம் பார்க் மியூசிக்கல் ஷோவ பாத்துட்டு உருப்படியா சண்டை போடுதது எப்படி

ராட்டினம், ரோலர் கோஸ்டர் பத்தி படிக்க வந்தவங்க இப்பமே எந்திரிச்சு போயிரலாம், இது மேடை ஷோ பத்தி. பார்க்குக்கு உள்ளயே தியேட்டர் கட்டி, ஆளுங்க நேர்ல பாடி ஆடி, அரை மணி, முக்கால் மணி நேரத்துல கதைய முடிச்சு அனுப்புதாவல்லா, அது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை பக்கம் இதுக்குன்னே எங்கள மாதிரி ஒரு கோஷ்டி இருக்கு. பாதி பேரு யூடியூப்ல ஃபுல் ஷோ வீடியோ பாத்தே கிறுக்கு புடிச்சவங்க, மீதி பேரு சிங்கப்பூர், ஹாங்காங்னு சொந்தக்காரங்க வீட்டுக்கு போன சாக்குல நேர்ல பாத்துட்டு வந்து அலப்பறை பண்ணுதவங்க. புதுசா வந்து உக்காருத ஆளு கேக்குத கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "இதுல என்னத்தவே இவ்ளோ நேரம் பேசுதிய, பாட்டு நல்லா இருந்துச்சு, லைட்டு நல்லா இருந்துச்சு, சோலி முடிஞ்சுதுல்லா?" முடியாது. எப்படி பேசணும்னு சொல்லுதேன்.

மொதல்ல செட்டு, லைட்டு, செலவு இத பத்தி பேசுதத நிப்பாட்டுங்க. டிஸ்னிகாரன் காசு போட்டா செட்டு நல்லாத்தான் இருக்கும், அதுல பேச என்ன கெடக்கு. பேச வேண்டியது வேற. நம்ம ஊரு கோயில் கொடை விழாவுல விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளந்த ஆளுன்னா அதுக்கான காது உங்களுக்கு ஏற்கனவே இருக்கு. சுடலைமாடன் கதை கூட்டத்துல எல்லாருக்கும் தெரியும், கதை என்னாகும்னு தெரிஞ்சுக்க எவனும் உக்காரல. வில்லடிச்சு பாடுத அண்ணாவி இன்னைக்கு அத எப்படி கொண்டு போறாருன்னுதான் பாக்கோம். கூட்டம் தூங்கி விழுந்தா நடுவுல ஒரு நையாண்டிய எடுத்து விடுவாரு, சாமியாடிக்கு அருள் வாரது தெரிஞ்சா பாட்ட முடுக்குவாரு, குடத்துக்காரரு கூடவே அடிய ஏத்துவாரு. அத யாரும் முன்னாடியே எழுதி வைக்கதில்ல.

தீம் பார்க் ஷோவுக்கு அந்த சவுகரியம் கிடையாது. பெரும்பாலும் மியூசிக் ரெக்கார்டிங், அந்த ட்ராக்கோட லைட்டு, புகை, ஏறி இறங்குத மேடை எல்லாத்தையும் சேத்து பூட்டி வச்சிருப்பாங்க, ஒரே நாள்ல அதே ஷோவ திரும்பத் திரும்ப போடணும், ஒரு நிமிஷம் இழுத்தாலும் அடுத்த ஷோவுக்கு வெளிய வரிசையில நிக்குத கூட்டம் சும்மா விடாது. அதனால எங்க சண்டை எல்லாமே ஒரு கேள்வியில தான் வந்து நிக்கும், இவ்ளோ பூட்டு போட்டும் மேடையில நிக்குத மனுஷனுக்கு எங்க இடம் விட்டு வச்சிருக்காங்க? அத கண்டுபிடிச்சு பேசத் தெரிஞ்சா போதும், நீங்களும் கோஷ்டியில சேந்தாச்சு.

கண்டுபிடிக்க வழி இருக்கு. எந்தக் குரல் நேர்ல வருது, எது ரெக்கார்டிங்னு பிரிச்சு கேக்கணும். எங்க கூட ஒரு ரேடியோ செட் அண்ணாச்சி உண்டு, கல்யாணம், கோயில்னு மைக் கட்டியே காது பழகினவரு, அவரு ஸ்க்ரீனையே பாக்க மாட்டாரு, கண்ண மூடிக்கிட்டு "மூச்சு எங்கவே?"ன்னு மட்டும் கேப்பாரு. அதுதான் சூத்திரம். ஆடி முடிச்ச உடனே பாடுதவங்களுக்கு வரி ஆரம்பிக்கதுக்கு முன்னாடி 'ஹ்'னு மூச்சு இழுக்குத சத்தம் கேக்கும், ரெக்கார்டிங்ல அத பெரும்பாலும் வெட்டி சுத்தம் பண்ணிருப்பாங்க. மைக் எங்க இருக்குன்னும் பாருங்க, கன்னத்து ஓரமாவோ முடிக்கு அடியில நெத்தியிலயோ ஒட்டியிருக்கும், ரெண்டு பேரு கட்டிப்பிடிச்சாலோ தலைப்பா உரசினாலோ 'கரக்'னு ஒரு சத்தம் வந்தா அது லைவு, சந்தேகமே வேண்டாம். கடைசி சுரத்த எவ்ளோ நேரம் புடிக்காங்கன்னு ரெண்டு வீடியோவ வச்சு ஒப்பிட்டு பாருங்க, வித்தியாசம் இருந்தா லைவு. சில ஷோவுல பாடுதது லைவு, பின்னாடி கோரஸ் மட்டும் ரெக்கார்டிங், இத பிரிக்கத்தான் கொஞ்சம் பழகணும். ஃபோன் ஸ்பீக்கர்ல இதெல்லாம் கேக்கவே கேக்காது, ஹெட்செட் போட்டுக்கிடுங்க.

மிக்கி மாதிரி முழுத்தலை மாட்டிக்கிட்டு வார பாத்திரத்துக்கு குரல் பெரும்பாலும் ரெக்கார்டிங்தான். அத குறையா பேசாதிய. உள்ள இருக்குத ஆளு முகத்த காட்டவே முடியாம, வேற ஒருத்தர் குரலுக்கு கழுத்தையும் கையையும் வச்சு மட்டும் சிரிச்சு அழுது காட்டணும், எங்க கணக்குல அது பாடுதத விட கஷ்டம். அங்க குரல விட்டுட்டு தோளப் பாருங்க.

இப்பம் ஒரு நல்ல பயிற்சி சொல்லுதேன். கலிபோர்னியாவுல டிஸ்னி பார்க்ல ஹைப்பீரியன்னு ஒரு தியேட்டர், சுமார் 2000 பேரு உக்காரலாம். அங்க 2003லேருந்து 2016 ஜனவரி வரைக்கும் அலாவுதீன் கதைய முக்கால் மணி நேர மியூசிக்கலா ஓட்டுனாங்க. கம்பளம் ஜனங்க தலைக்கு மேலயே பறந்து வரும், அது கெடக்கட்டும், ரசிகருங்க திரும்பத் திரும்ப போனது பூதத்துக்காக. மத்த எல்லாரும் எழுதினத பேச, பூதமா நடிக்கிறவரு மட்டும் அன்னைக்கு நியூஸ்ல என்ன ஓடுதோ, ஊருல எல்லாரும் என்ன படம் பேசுதாங்களோ அத வச்சு ஜோக்கு அடிப்பாரு, அதனால ஒவ்வொரு வருஷ வீடியோவுலயும் ஜோக்கு வேற. வேற வேற வருஷத்து வீடியோ ரெண்டு எடுத்து, பூதம் வெளிய வார இடத்துலேருந்து ஒரு கால் மணி நேரம் மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க. எந்த ஜோக்குக்கு கூட்டம் சிரிக்கல, சிரிக்காதப்ப அவரு என்ன பண்ணுதாரு, கூட நிக்குத அலாவுதீன் சிரிப்ப அடக்க முடியாம திரும்பி நிக்கானா, இதெல்லாம் குறிச்சு வச்சா ஒரு சாயங்காலம் பூரா பேசலாம். 2016 மே மாசம் அதே மேடையில ஃப்ரோஸன் கதைய கொண்டு வந்தாங்க, பிரம்மாண்டம்னா அப்படி ஒரு பிரம்மாண்டம், பின்னாடி முழுக்க வீடியோ திரை, 2020ல பார்க் மூடினதோட அந்த ஷோ திரும்ப வரவே இல்ல. எது ஒசத்தின்னு எங்களுக்குள்ள இன்னும் முடிவாகல. என்னைக் கேட்டா ரெண்டாவது வந்ததுல எல்லாமே இருந்துச்சு, பூதத்துக்கு இருந்த அந்த வெத்திடம் மட்டும் இல்ல.

சண்டை போடுததுக்கு முன்னாடி எந்த பார்க், எந்த வருஷம்னு சொல்லிட்டு ஆரம்பிங்க. இது சட்டம்னே வச்சுக்கிடுங்க. லயன் கிங் ஷோவையே எடுத்துக்கிடுவோம். புளோரிடாவுல அனிமல் கிங்டம் பார்க் 1998ல தொறந்தப்பவே அந்த ஷோவும் ஆரம்பிச்சிருச்சு, ஊர்வலத்துக்கு செஞ்ச பழைய வண்டிகள கொண்டு வந்துதான் அதுல மேடையா நிப்பாட்டுனாங்க. 2014ல அந்த பார்க்குக்குள்ளயே ஆப்பிரிக்கான்னு பேரு வச்ச பகுதிக்கு தியேட்டரையே மாத்துனாங்க. கொரோனாவுக்கு அப்புறம் 2021ல திரும்ப வந்தப்ப அந்தரத்துல கம்பி புடிச்சு தாவுத குரங்கு வேசக்காரங்க கிடையாது, அவங்க வந்தது 2022ல. 2021 வீடியோவ மட்டும் பாத்துட்டு ஒருத்தன் "இதுல என்னவே இருக்கு"ன்னு கேட்டா அவன் மேல தப்பில்ல, நாமதான் வருஷத்த சொல்லணும். ஹாங்காங் டிஸ்னியில நடக்குதது அதே பேருல வேற ஷோ. அங்க அது நடக்குத அரங்கத்துக்கு பேரு தியேட்டர் இன் தி வைல்டு, புளோரிடாவுலயும் அதே பேருல ஒரு அரங்கம் உண்டு, ஆனா அங்க ஓடுதது நீமோ மீன் கதை. இதுல குழம்பி அரை மணி நேரம் கத்திக்கிட்டு கெடந்த ஆளுங்க உண்டு.

லயன் கிங்ல நாலு பக்கமும் ஜனங்க, நடுவுல ஆட்டம், ஊர் முக்குல கணியான் கூத்தையோ கரகாட்டத்தையோ சுத்தி நின்னு பாக்கோம்ல அதே அமைப்பு. நாலு பக்கத்துக்கும் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, காட்டுப்பன்னின்னு பிரிச்சுவிட்டு அந்தந்த சத்தம் போடச் சொல்லுவாங்க. அதனால வீடியோ எடுத்தவரு எந்தப் பக்கம் உக்காந்திருக்காருன்னு பாத்துக்கிட்டு பேசுங்க, ஒருத்தருக்கு முதுகு தெரியுதப்ப எதிர்ல உள்ளவருக்கு முகம் தெரியும். பாடுதவங்க முதுகு காட்டுதப்பவும் அந்தப் பக்கத்து ஜனத்த விட்டுராம பாத்துக்கிடுதாங்களான்னு கவனிங்க, நம்ம கரகாட்டக்காரங்களுக்கு இது தண்ணிபட்ட பாடு.

நீமோ ஷோ பத்தி பேசாம கோஷ்டி கலையாது. 2007ல வந்தப்ப சுமார் 40 நிமிஷம், முழுக்க பாட்டு. பாட்டு போட்டது ராபர்ட் லோபஸ், கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸ்னு புருஷன் பொண்டாட்டி, அவங்கதான் அப்புறம் ஃப்ரோஸன் பாட்டுக்கு 2014ல ஆஸ்கர் வாங்குனது. பொம்மைக செஞ்சது மைக்கேல் கரி, நியூயார்க் பிராட்வே மேடையில போட்ட லயன் கிங் நாடகத்துக்கும் பொம்மை செஞ்சவரு. இங்க தோல்பாவைக் கூத்துல ஆட்டுதவரு திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருப்பாரு, ஒரே ஆளு எல்லாருக்கும் குரல் குடுப்பாரு, இதுல மீன கையில புடிச்சுக்கிட்டு ஆளும் மேடையில நம்ம கண்ணு முன்னாலயே நின்னு பாடுதாங்க. பாக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல நம்ம கண்ணு ஆள விட்டுட்டு மீனுக்கு போயிரும், எந்த நொடியில போச்சுன்னு கவனிச்சு சொல்லுங்க, ஒவ்வொருத்தருக்கும் வேற இடமா இருக்கும், அதுலயே ஒரு டீ நேரம் ஓடிரும். 2022ல இந்த ஷோவ 25 நிமிஷமா சுருக்கி புதுப் பேருல போட்டாங்க. வெட்டுனது சரியா தப்பான்னு இப்பம் நான் ஆரம்பிச்சா இந்தக் கட்டுரை முடியாது.

நேர்ல போறவங்களுக்கு கொஞ்சம். காலையில பார்க்குக்குள்ள போன உடனே அன்னைக்கு ஷோ டைம் என்னன்னு பார்க்கோட மொபைல் ஆப்ல பாத்துக்கிடுங்க, நாளுக்கு நாள் மாறும். ஷோவுக்கு அரை மணிக்கு முன்னாடி போனா நல்ல இடம். முன்வரிசைக்கு அடிச்சுப் புடிக்காதிய, நடுவுல கொஞ்சம் மேல உக்காந்தாத்தான் ஆட்டத்தோட கோலம் முழுசா தெரியும், சின்னப் புள்ளைய இருந்தா மட்டும் முன்னாடி போங்க. அத்தை, பெரியம்மா கூட வந்தாவன்னா மத்தியான வெயிலுக்கு இந்த ஷோவ வையுங்க, ஏசியில உக்காந்த மாதிரியும் ஆச்சு. ஹாங்காங்ல இங்கிலீஷும் கான்டனீஸும் கலந்து வரும், கதை புரியதுக்கு அதனால ஒண்ணும் கெட்டுப்போகாது. சிங்கப்பூர் யுனிவர்சல்ல வாட்டர்வேர்ல்டு பாட்டு ஷோ கிடையாது, சண்டையும் தண்ணியும்தான், முன்னாடி உக்காந்தா தொப்பலா நனைஞ்சுதான் வரணும். ஃபோன தலைக்கு மேல தூக்கி படம் புடிக்காதிய, பின்னால இருக்குதவரும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்காரு.

பேசுத முறைக்கு ஒண்ணு ரெண்டு. ஒரே வேசத்த பல பேரு மாத்தி மாத்தி போடுவாங்க, அதனால "அலாவுதீன் சரியில்ல"ன்னு சொல்லாதிய, "இந்த வீடியோவுல ரெண்டாவது பாட்டுல சுருதி இறங்குச்சு"ன்னு இடத்த சொல்லுங்க. ஆடுதவங்க பேர தோண்டி எடுத்து அவங்க இன்ஸ்டாவுல போய் கமெண்ட் போடுதது அசிங்கம், அப்படிப்பட்ட ஆள நாங்க கோஷ்டியில சேக்கதில்ல. அடுத்த மாசம் நேர்ல பாக்கப் போற ஆளு பக்கத்துல இருந்தா முடிவ சொல்லாம வாய வச்சுக்கிட்டு இருங்க.

புதுசா ஆரம்பிக்கணும்னா அலாவுதீனோட ஆரம்பிங்க, சிரிச்சுக்கிட்டே பாத்துரலாம். அப்புறம் 2020க்கு முந்தின லயன் கிங் ஒண்ணு, கடைசியா நீமோ பழசையும் புதுசையும் ஒரே ராத்திரியில பாத்துட்டு, எந்தப் பாட்ட வெட்டுனதுக்கு உங்களுக்கு மனசு ஆறலன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எடுத்துக்கிட்டு சனிக்கிழமை எங்க கோஷ்டி கூடுத இடத்துக்கு வாங்க.